நாற்பது பேரில் மீதிப் பேர் எங்கே போனார்கள்?

கேள்வி: வணக்கம் செஃப். தென் மாவட்டத்தில் சின்ன ஊர் ஒன்றில் இருக்கும் கல்லூரியில் கேட்டரிங் துறைக்குப் பொறுப்பாசிரியராக இருக்கிறேன். மூன்று வருட பி.எஸ்சி. படிப்பு. போன பேட்ச்சில் 40 பேர் சேர்ந்தார்கள். முதல் செமஸ்டர் முடியும்போது 31 பேர் இருந்தார்கள். இரண்டாம் ஆண்டில் ஹோட்டல் பயிற்சிக்கு அனுப்பியபோது 26 பேர். பயிற்சி முடிந்து மூன்றாம் ஆண்டுக்கு வந்து உட்கார்ந்தவர்கள் 19 பேர்தான். பயிற்சிக்கு முன்பே படிப்பை விட்டு நின்ற ஐந்து பேரில் மூவர் பெண்கள். கடைசியாக நின்றவர்களில் ஒருவன் வகுப்பிலேயே கைப்பக்குவம் உள்ள பையன். போன் செய்தால், "இங்கேயே வேலை போட்டுக் கொடுத்துட்டாங்க சார், இனிமே டிகிரி எதுக்கு?" என்கிறான். முழு வருடக் கட்டணத்தையும் முதலிலேயே வாங்கு, அசல் சான்றிதழைப் பிடித்து வை, லீவு போட்டால் அபராதம் போடு என்கிறது நிர்வாகம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்கிறார்கள் சக ஆசிரியர்கள். ஹோட்டல் பயிற்சியைக் குறைத்தால் படிப்பை விடாமல் இருப்பார்கள் என்றும் ஒரு பேச்சு ஓடுகிறது. நீங்கள் ஹோட்டல் கிச்சனிலும் இருந்தவர், பயிற்சிப் பிரிவிலும் இருந்தவர். என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம் சார். முதலில் ஒரு பாராட்டு. எத்தனை பேர் நின்றார்கள் என்பதை மட்டும் எழுதாமல், எப்போது நின்றார்கள் என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். பல கல்லூரிகளில் அந்தக் கணக்கே இருக்காது. "பாதிப் பேர் டிஸ்கன்டின்யூ" என்று மொத்தமாக ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

நிர்வாகம் சொல்லும் மூன்றையும் முதலில் ஒதுக்கிவிடுவோம். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று 2018-லேயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அறிவித்துவிட்டது. அதை மீறிப் பிடித்து வைத்தாலும் பையன் வகுப்புக்கு வரப்போவதில்லை, சான்றிதழ்தான் உங்கள் பீரோவில் தூங்கும். அபராதம் அதைவிட மோசம். அது முதலில் வெளியே தள்ளுவது, கல்யாண வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் கட்டணம் கட்டுகிற பையனைத்தான். வசதியான வீட்டுப் பையன் அபராதத்தைக் கட்டிவிட்டு லீவு போடுவான்.

அடுத்தது பொறுமை. என் தலைமுறை ஆட்கள் இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். நாங்கள் கிச்சனில் கரண்டியால் அடி வாங்கிக்கொண்டு நின்றது பொறுமையால் அல்ல, வேறு போக்கிடம் இல்லாததால். இன்றைய பையனுக்குப் போக்கிடம் இருக்கிறது. ஒரு பைக்கும் போனும் இருந்தால் உணவு டெலிவரிக்குப் போகலாம், மொபைல் கடையில் நிற்கலாம், திருப்பூருக்கு பஸ் ஏறலாம். அவன் ஒப்பிட்டுப் பார்க்கிறான். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். முதல் செமஸ்டரில் ஒன்பது பேர், அதற்கும் பயிற்சிக்கும் நடுவில் ஐந்து பேர், பயிற்சியிலும் அதை ஒட்டியும் ஏழு பேர். மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. ஒன்பது பேரை அட்மிஷன் மேஜையிலேயே பாதி இழந்துவிட்டீர்கள். ஐந்து பேரை வீட்டின் பேச்சு இழுத்துக்கொண்டது. ஏழு பேரை, வருத்தப்படாதீர்கள், கல்லூரியே கைகழுவிவிட்டது. ஒன்றரை வருடம் படித்துத் தேறிய பிள்ளைகளின் கையை, மிக மோசமான சில மாதங்களில் நீங்கள் விட்டுவிட்டீர்கள். அந்த ஏழு பேரிடமிருந்தே தொடங்குகிறேன். இருப்பதில் பெரிய நஷ்டமும் அதுதான், சரி செய்ய எளிதானதும் அதுதான்.

ஹோட்டல் மேனேஜ்மெண்ட் தேசியக் கவுன்சிலின் கீழ் வரும் கல்லூரிகளில், சென்னை தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் இருப்பவை போன்றவற்றில், இரண்டாம் ஆண்டின் ஒரு செமஸ்டர் முழுக்க ஹோட்டல் பயிற்சிதான். வகுப்பில் பாதிப் பேர் மூன்றாவது செமஸ்டரிலும் மீதிப் பேர் நான்காவதிலும் மாறி மாறிப் போவார்கள். ஃப்ரன்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங், கிச்சன், சர்வீஸ் என்று நான்கு பிரிவுகளையும் சுற்றி வர வேண்டும் (ரொட்டேஷன்) என்பது ஏற்பாடு. தனியார் கல்லூரிகளும் ஏறக்குறைய இதையேதான் பின்பற்றுகின்றன. காகிதத்தில் நன்றாக இருக்கிறது. ஹோட்டலில் நடப்பது வேறு.

ஹோட்டலில் எப்போதும் ஆள் பற்றாக்குறை. டிரெய்னி வந்தால், ஆள் இல்லாத இடத்தில் நிறுத்துவார்கள். முகூர்த்த மாதங்களில் பேங்க்வெட்டில், அதாவது விருந்துப் பிரிவில்தான் ஆள் வேண்டும். ராத்திரி பதினொன்றரைக்கு ரிசப்ஷன் முடியும். ஹாலுக்குப் பின்னால் ஒரு டிரேயில் கழுவி வந்த கட்லரி குவிந்து கிடக்கும். ஒரு பக்கெட் வெந்நீர், அதில் கொஞ்சம் வினிகர், இரண்டு துணி. ஸ்பூனை முக்கி எடுத்து, தண்ணீர்க் கறை படிவதற்குள் துடைத்து, ஸ்பூன் தனி, ஃபோர்க் தனி, கத்தி தனி என்று அடுக்க வேண்டும். ஐந்நூறு பேர் சாப்பிட்ட விருந்து என்றால் எத்தனை உருப்படி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணிக்கு முடியும். ஸ்டாஃப் பஸ் போயிருக்கும். லாக்கர் ரூமில் ஒரு பெஞ்சில் படுத்துவிட்டு, காலை ஆறரைக்குப் பிரேக்ஃபாஸ்ட் பஃபேவுக்கு நிற்க வேண்டும். கட்லரி துடைப்பது கேவலமான வேலை இல்லை, எல்லோரும் செய்துதான் வந்தோம். ஆனால் இதையே ஆறு வாரம் செய்தவன், "இதுக்கா ரெண்டு வருஷம் ஃபீஸ் கட்டினேன்?" என்று கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

இது நடக்கிறது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? டிரெய்னி அன்றன்றைய வேலையை எழுதி வைக்கும் லாக் புத்தகத்திலேயே இருக்கிறது. பயிற்சி முடிந்ததும் மொத்தமாக வாங்கிக் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்துவிடுகிறோம், அதுதான் பிரச்சினை. ஒவ்வொரு ஞாயிறும் அந்த வாரப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். "வெங்காயம் உரித்தேன், பூண்டு உரித்தேன்" என்று மூன்று வாரம் தொடர்ந்து வந்தால், நான்காவது வாரம் நீங்கள் ஹோட்டலின் பயிற்சி மேலாளரிடம் பேச வேண்டும். சண்டை போட வேண்டியதில்லை. "எங்கள் பையன் கார்ட் மாஞ்சேவிலேயே (குளிர் உணவுப் பிரிவு) நிற்கிறான், ரொட்டேஷன் எப்போது சார்?" என்று கேட்டால் போதும். கல்லூரி கவனிக்கிறது என்று தெரிந்தாலே பாதி இடங்களில் நடத்தை மாறும். கேட்க ஆள் இல்லாத பிள்ளைகளைத்தான் ஹோட்டல் பாத்திரம் கழுவும் இடத்தில் நிறுத்தும். ஹோட்டலில் உட்கார்ந்து டிரெய்னிகளைப் பிரித்து அனுப்பியவன் என்பதால் சொல்கிறேன்.

நேரில் போவதிலும் ஒரு முறை இருக்கிறது. மூன்றாவது வாரத்துக்குள் போய்விடுங்கள். அதற்குள்தான் போவதா இருப்பதா என்று பிள்ளைகள் மனதுக்குள் முடிவு செய்கிறார்கள். போனால் மனிதவளப் பிரிவின் ஏசி அறையில் வைத்துப் பார்க்காதீர்கள். அங்கே வைத்துக் கேட்டால் எல்லோரும் "நல்லா இருக்கு சார்" என்பார்கள். ஷிப்ட் முடிந்ததும் வெளியே டீக்கடைக்குக் கூட்டிப் போங்கள். முதல் டீ வரைக்கும் ஒன்றும் சொல்ல மாட்டான். அப்புறம் செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுவான்.

ஹோட்டலைத் தேர்ந்தெடுப்பதில் நம் ஆட்கள் நட்சத்திரத்தை எண்ணுகிறார்கள். நான் லாபியைப் பார்க்க மாட்டேன். ஸ்டாஃப் கேன்டீன், லாக்கர் ரூம், பிள்ளைகள் தங்கும் அறை, இந்த மூன்றையும் காட்டச் சொல்வேன். காட்டத் தயங்கினால் அந்த ஹோட்டல் வேண்டாம். வார விடுமுறை உண்டா, பிரேக் ஷிப்ட் (ஒரே நாளில் இரண்டு துண்டாக வரும் வேலை நேரம்) வாரத்துக்கு எத்தனை நாள், ராத்திரி ஷிப்ட் முடிந்தால் எப்படித் திரும்புவது, ஸ்டைபண்ட் (பயிற்சி உதவித்தொகை) எவ்வளவு, எந்தத் தேதியில் வரும் என்று கேட்டு, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு பிரேக் ஷிப்ட்தான் அதிர்ச்சி. காலை ஏழு முதல் பதினொன்று, மறுபடி மாலை ஏழு முதல் பதினொன்று என்றால், நடுவில் இருக்கும் எட்டு மணி நேரம் ஓய்வு என்று ஹோட்டல் சொல்லும். ரூம் ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தால் அது ஓய்வா?

தனியாக ஒருவரை எங்கேயும் அனுப்பாதீர்கள். குறைந்தது இரண்டு பேர், முடிந்தால் உங்கள் கல்லூரி சீனியர் வேலை பார்க்கும் ஹோட்டலுக்கு. இன்னொரு விஷயம் வெளியே யாரும் பேசுவதில்லை. சென்னை, கோவை ஹோட்டல் கிச்சன்களில் இன்று பாதிப் பேச்சு இந்தியில் நடக்கிறது. ஒடிசா, வங்காளம், அசாம், நேபாளம் என்று ஆட்கள். தேனிப் பக்கத்திலிருந்து போன பையன் நடுவில் ஊமையாக நிற்பான். சாப்பிடும்போது தனியாக உட்காருவான். வேலைக் கஷ்டத்தைவிட அந்தத் தனிமை சீக்கிரம் ஊருக்கு பஸ் ஏற்றிவிடும். பயிற்சிக்கு முந்தைய மாதம், கிச்சனில் புழங்குகிற அளவுக்கு ஒரு ஐம்பது இந்தி வாக்கியங்களைச் சொல்லிக் கொடுங்கள். மொழி அரசியலை யார் வேண்டுமானாலும் பேசட்டும், பையனுக்கு "உப்பை எடு, சூடாக இருக்கிறது, வழி விடு" தெரிந்தால் போதும்.

பயிற்சியைக் குறைக்கலாமா என்ற கேள்விக்கு என் பதில், கூடாது. குறைத்தால், இங்கே படிப்பை விடாதவன் வேலைக்குப் போன முதல் மாதத்தில் வேலையை விடுவான். உங்கள் பதிவேட்டில் மட்டும் எண் அழகாகத் தெரியும். ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே சமையல், ரெஸ்டாரன்ட் சேவை படிக்கிறவர்கள் பெரும்பகுதி நேரம் ஹோட்டலில் வேலை செய்துகொண்டே படிக்கிறார்கள். அப்படிப்பட்ட நாட்டிலேயே இந்த இரண்டு தொழில்களிலும் பயிற்சி ஒப்பந்தங்களில் பாதிக்கு அருகில் நடுவில் முறிந்துபோகின்றன. எல்லாத் தொழில்களையும் சேர்த்த சராசரி மூன்றில் ஒன்றுக்கும் குறைவுதான். ஆக, இது உங்கள் கல்லூரியின் சாபம் இல்லை, தொழிலின் குணம். ஆனால் அவர்களிடம் இரண்டு நல்ல ஏற்பாடுகள் இருக்கின்றன. பயிற்சிக் காலம் முழுக்க, வாரத்தில் ஒன்றிரண்டு நாளோ மொத்தமாகச் சில வாரங்களோ, பிள்ளை தொழிற்பள்ளிக்கு வந்தே ஆக வேண்டும். ஆசிரியர் முகத்தைப் பார்க்காமல் ஆறு மாதம் கழியாது. இன்னொன்று, ஒப்பந்தம் முறிந்தால் படிப்பும் முறிந்தது என்று அர்த்தமில்லை. பலர் வேறு ஹோட்டலுக்கு மாறி அதே படிப்பைத் தொடர்கிறார்கள். தொடக்கத்தில் ஒரு மாதம் முதல் நான்கு மாதம் வரை, இரு தரப்பும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள்.

இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஹோட்டல் மாற்றம். நம் ஊரில் ஒரு ஹோட்டலில் பிடிக்கவில்லை என்றால் பையனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவது. வந்தபின் கல்லூரிக்கு வர வெட்கம். அப்படியே நின்றுவிடுகிறான். "முதல் மாதத்துக்குள் ஒருமுறை ஹோட்டல் மாற்றிக்கொள்ளலாம், காரணம் கேட்க மாட்டோம், லாக் புத்தகத்தில் அந்த நாட்களும் சேரும்" என்று அனுப்பும்போதே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். இதற்காக இரண்டு ஹோட்டலை மாற்று இடமாக வைத்திருந்தால் போதும். கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தால் பலர் அதைத் தாண்டவே மாட்டார்கள்.

இனி, வேலை கிடைத்துவிட்டது என்று நின்ற பையன். அவனை இடைநிற்றல் கணக்கில் சேர்க்கவே எனக்கு மனமில்லை. நாம் எதற்காகப் படிக்க வைக்கிறோமோ அது அவனுக்கு ஒரு வருடம் முன்பே கிடைத்துவிட்டது. டிகிரி எதுக்கு என்று அவன் கேட்டதற்கு "அப்படியெல்லாம் பேசக் கூடாது தம்பி" என்பது பதிலாகாது. உண்மையைச் சொல்லுங்கள். கிச்சனில் முதல் நாலைந்து வருடம் டிகிரி இருப்பவனுக்கும் இல்லாதவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. காமி என்கிற இளநிலைச் சமையல்காரர் பதவியில், காமி மூன்றிலிருந்து காமி ஒன்று வரை போவதற்குக் கைதான் பேசும். அப்புறம்தான் காகிதம் பேச ஆரம்பிக்கும். பெரிய குழுமங்களின் மேனேஜ்மென்ட் டிரெய்னி தேர்வுக்கு டிகிரி கேட்பார்கள். முதுகு வலிக்க ஆரம்பிக்கும் வயதில் கற்பிக்கப் போகலாம் என்றால் அதற்கான தேசியத் தகுதித் தேர்வுக்கும் டிகிரி வேண்டும். அரசுத் தேர்வு எழுத ஆசைப்பட்டாலும் அப்படித்தான். முப்பது வயதில் தேவைப்படும் காகிதத்தை இருபது வயதில் வாங்கி வைத்துக்கொள் என்று சொன்னால் அவனுக்குப் புரியும்.

புரிந்தாலும் சம்பளத்தை விட்டுவிட்டு வர முடியாது. அதற்கு வழி உங்கள் கால அட்டவணையில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டு வகுப்புகளை வாரத்தின் முதல் நான்கு நாட்களில் நெருக்கிப் போட முடியுமா என்று பாருங்கள். 75 சதவீத வருகை என்பது பல்கலைக்கழக விதி, அதை மீற முடியாது. ஆனால் அந்த 75-ஐ எந்த நாட்களில் எடுப்பது என்பதில் உங்களுக்குக் கொஞ்சம் இடமிருக்கும். வெள்ளி, சனி, ஞாயிறு ஹோட்டல்களுக்குத்தான் கூட்டம். உங்கள் ஊரைச் சுற்றி மதுரை, கொடைக்கானல் பக்கம் வார இறுதிக்கு மட்டும் ஆள் எடுக்கும் ஹோட்டல்கள் உண்டு. பயிற்சி ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: இறுதித் தேர்வு முடியும் வரை முழுநேர வேலை தருவதில்லை, தருவதாக இருந்தால் தேர்வுக்கு அடுத்த மாதத் தேதி போட்டு ஆஃபர் கடிதம் கொடுப்பது. நல்ல ஹோட்டல்கள் ஒத்துக்கொள்ளும். கையில் கடிதம் இருக்கும் பையன் மூன்றாம் ஆண்டை முடிப்பான். ஒத்துக்கொள்ளாத ஹோட்டல் உங்கள் பிள்ளையைத் தேடவில்லை, குறைந்த சம்பள ஆளைத் தேடுகிறது.

ஏற்கனவே போன ஏழு பேருக்கும் டி.சி. கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லை என்றால் அவசரப்படாதீர்கள். படிப்பில் இடைவெளி விட்டு மறுசேர்க்கை பெறுவதற்குப் பல்கலைக்கழகத்தில் நடைமுறை இருக்கும். உங்கள் பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு, அதற்கான காலக்கெடுவையும் கட்டணத்தையும் எழுதி வாங்கி ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். சீசன் முடிந்து ஹோட்டலில் ஆளைக் குறைக்கும்போது அந்த மெசேஜைத் தேடி எடுப்பார்கள்.

முதல் செமஸ்டரில் போன ஒன்பது பேருக்கு வருவோம். உங்கள் கல்லூரியின் அட்மிஷன் நோட்டீஸை நான் பார்க்கவில்லை. ஆனால் அதில் வெள்ளைக் கோட் போட்ட ஒருவர், பின்னால் ஒரு கப்பல், கீழே நூறு சதவீத வேலைவாய்ப்பு என்று இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். பயணக் கப்பல் கம்பெனிகள் வழக்கமாக ஹோட்டல் அனுபவம் கேட்பார்கள். படித்து முடித்த கையோடு கப்பல் ஏறுவது அரிது. இதை முதல் மாதத்திலேயே சீனியர்கள் பிள்ளையிடம் சொல்லிவிடுவார்கள். நீங்கள் சொல்லாமல் விட்டதை ஹாஸ்டலில் கேட்டுத் தெரிந்துகொண்டவன், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டான்.

சேர்வதற்கு முன் பிள்ளையையும் பெற்றவர்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரிக் கிச்சனுக்கு வரச் சொல்லுங்கள். நான்கு மணி நேரம் நிற்கட்டும். சீனியர்களோடு சேர்ந்து காய் நறுக்கட்டும், பாத்திரம் கழுவட்டும், பரிமாறட்டும். சிலர் அன்றோடு போய்விடுவார்கள். போகட்டும். 40 இடத்துக்கு 34 பேர் சேர்ந்து 30 பேர் முடித்தால் கல்லூரிக்கும் லாபம்தான், மூன்று வருடக் கட்டணத்தைக் கணக்குப் போட்டு நிர்வாகத்திடம் காட்டுங்கள். அவர்களுக்குப் புரியும் மொழி அது.

பணமும் ஒரு காரணமாக இருக்கும். பெற்றவர்கள் கட்டணத்துக்குத் தயாராகி வருகிறார்கள். சேர்ந்த பிறகு செஃப் கோட், கறுப்பு ஷூ, கத்தி செட், லேப் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வருகிறது. கத்தி செட்டைக் கல்லூரியே வாங்கி வைத்து மூன்று வருடத்துக்கு இரவல் கொடுங்கள், உடைந்தால் மட்டும் காசு வாங்குங்கள். எல்லாச் செலவையும் முதல் நாளே ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. உங்கள் வகுப்பில் தகுதி உள்ள எல்லோரும் விண்ணப்பித்திருக்கிறார்களா என்று ஒரு ஆசிரியர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். வங்கிக் கணக்கில் ஆதார் இணையாததால் பணம் வராமல் நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொரு கல்லூரியிலும் இருப்பார்கள். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குத் தரமணி நிறுவனத்தில் படிக்க வைக்கும் திட்டத்தை அரசின் ஆதிதிராவிடர் மேம்பாட்டுக் கழகமான தாட்கோ அறிவித்து நடத்தியிருக்கிறது. உங்களிடம் கட்டணம் கட்ட முடியாமல் நிற்கும் பையனுக்கு அதைச் சொல்வதில் தப்பில்லை. உங்கள் எண்ணிக்கை ஒன்று குறையும், அவன் படிப்பு குறையாது.

இவை எல்லாவற்றையும்விட ஒன்று சொல்வேன். முதல் செமஸ்டரில் அவன் கையில் என்ன கொடுக்கிறீர்கள்? சமைக்கலாம் என்று வந்தவனுக்கு முதல் இரண்டு மாதம் ஹோட்டல் தொழிலின் வரலாறு, கிச்சனின் பதவி வரிசை, சாஸ் வகைகள் என்று ஆங்கிலத்தில் நோட்ஸ். வாரம் ஒருநாள் பிராக்டிகல். அதிலும் பத்துப் பேருக்கு ஒரு கோழி. இரண்டு பேர் வெட்டுவார்கள், மூன்று பேர் எட்டிப் பார்ப்பார்கள், மீதிப் பேர் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். இண்டென்ட் (சமையல் பொருள் வாங்கும்) பட்ஜெட் இல்லை என்பீர்கள், எனக்குத் தெரியும். முட்டை வாங்குங்கள். ஆளுக்கு இரண்டு முட்டை, ஒரு சின்ன ஃபிரையிங் பான். ஆம்லெட் போடச் சொல்லுங்கள். நிறம் ஏறாமல், உள்ளே ஈரம் காயாமல், மூன்றாக மடித்துத் தட்டில் கவிழ்க்க வேண்டும். முதல் நாள் யாருக்கும் வராது. அடுத்த வாரம் மறுபடி இரண்டு முட்டை. நாலாவது வாரம் வகுப்பில் பாதிப் பேருக்கு வந்துவிடும். தட்டைப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்புவான். தினமும் காலையில் அரை மணி நேரம் கேரட், வெங்காயம் நறுக்க விடுங்கள். அந்தக் காயை ஹாஸ்டல் மெஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டால் செலவும் இல்லை. வாய்மொழித் தேர்வில் பொருளின் பெயரையும் நறுக்கும் முறையின் பெயரையும் தொழில் வார்த்தையில் சொன்னால் போதும், விளக்கத்தைத் தமிழில் சொல்லட்டும். ஆங்கிலம் வர வேண்டியதுதான், அதை சர்வீஸ் லேபில் வாடிக்கையாளரிடம் பேசுவது போலப் பேசிப் பழக்கலாம். இரண்டு பயத்தையும் ஒரே நாளில் தலையில் ஏற்ற வேண்டாம்.

கல்யாண வேலைக்குப் போகிறவர்களைத் தடுக்காதீர்கள். தை, ஆவணி முகூர்த்த நாட்களில் உங்கள் வகுப்பு காலியாக இருக்கும், அதை ஒழுக்கக் கேடாகப் பார்ப்பது வேடிக்கை. கேட்டரிங் படிக்கும் பையன் கேட்டரிங் வேலைக்குத்தானே போகிறான். முகூர்த்த நாட்களைப் பார்த்துத் தேர்வையும் பிராக்டிகலையும் தள்ளி வையுங்கள். போய் வந்தவன் எத்தனை பேருக்குப் பந்தி, எந்தச் சாமான் எவ்வளவு போனது, எது மிஞ்சியது என்று எழுதிக் கொடுத்தால் உள்மதிப்பெண் கொடுங்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத அளவுக் கணக்கு அதில் இருக்கும்.

நடுவில் நின்ற ஐந்து பேரைப் பற்றிச் சொல்ல உங்கள் கடிதத்தில் கொஞ்சம்தான் இருக்கிறது. மூவர் பெண்கள் என்பதால் ஊகிக்க முடிகிறது. பயிற்சிக்கு வெளியூர் போக வேண்டும் என்ற பேச்சு வந்தவுடன் வீட்டில் கதவைச் சாத்தியிருப்பார்கள். "ராத்திரி வேலை, எச்சில் தட்டு எடுக்கிற வேலை, இதுக்கா படிக்க வைச்சோம்?" என்று சித்தப்பா பெரியப்பா கேட்டிருப்பார்கள். இதற்குப் பெண்ணிடம் பேசிப் பயனில்லை. வருடத்துக்கு இரண்டு முறை பெற்றவர்களை உங்கள் பயிற்சி ரெஸ்டாரன்டுக்கு அழைத்து, பிள்ளைகளே சமைத்துப் பரிமாறும் மதிய விருந்து கொடுங்கள். தன் மகள் நிமிர்ந்து நின்று நான்கு மேஜையைக் கவனிப்பதைப் பார்த்த அப்பாவிடம் பேசுவது வேறு. பெண்களை இருவர் மூவராக, விடுதியும் ராத்திரி வண்டியும் உள்ள ஹோட்டலுக்கு மட்டும் அனுப்புங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகாருக்கு உள்குழு இருக்க வேண்டும் என்கிற 2013-ஆம் ஆண்டுச் சட்டம் டிரெய்னிகளுக்கும் பொருந்தும். குழுவில் யார் இருக்கிறார்கள், எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்பதைப் பயிற்சிக்கு முன்பே ஹோட்டலிடம் எழுதி வாங்கி, பெண்ணிடமும் அம்மாவிடமும் ஒரு பிரதி கொடுங்கள். இதைக் கேட்டால் ஹோட்டல் கோபித்துக்கொள்ளும் என்று தயங்காதீர்கள். கோபித்துக்கொள்ளும் ஹோட்டல் எது என்று தெரிந்துகொள்வதும் நல்லதுதான்.

எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்ய முடியாது, ஆளும் இல்லை பணமும் இல்லை என்று தெரியும். இந்த வருடம் பயிற்சிக்குப் போகும் பேட்ச்சை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆசிரியருக்கு ஏழெட்டு மாணவர்கள் என்று பிரித்து, அந்த செமஸ்டரில் அவருக்கு இரண்டு வகுப்பைக் குறைத்துக் கொடுத்து, பயணச் செலவை நிர்வாகத்திடம் வாங்கிக் கொடுங்கள். அபராதம் போட்டு வசூலிக்க நினைத்த தொகையைவிட அது அதிகம் ஆகாது. எந்தெந்த ஹோட்டலுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்ற பட்டியலை எனக்கு அனுப்புங்கள். சென்னையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமும் இருக்கும் பயிற்சி மேலாளர்கள் சிலரை எனக்குத் தெரியும், எங்கே ரொட்டேஷன் ஒழுங்காக நடக்கிறது என்று விசாரித்துச் சொல்கிறேன். தங்குமிடம் தராத ஹோட்டல்களைப் பட்டியலில் தனியாகக் குறித்துவிடுங்கள்.